ஜோபர்க் குளிருக்கு எந்த ஹீட்டர்? வாடகை வீடு, கைக்குழந்தை, அடுத்த மாதம் அம்மா வருகிறார்

நெல்லைக்காரன், ரேண்ட்பர்க்:

வணக்கம். நாங்கள் ஜோகன்னஸ்பர்க் வந்தது போன செப்டம்பரில், அதனால் இங்கத்திய குளிர்காலத்தை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறோம். ஆப்பிரிக்காவுக்குப் போகிறவனுக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இப்போது ஜூன் முதல் வாரம். காலை ஆறு மணிக்கு ஹாலில் வெப்பமானி 9 டிகிரி காட்டுகிறது, வீட்டுக்குள்! தேங்காய் எண்ணெய் கல்லாகக் கிடக்கிறது, தோசை மாவு இரண்டு நாள் ஆனாலும் பொங்குவதில்லை, தரையில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. மதியம் வெளியே வந்தால் நல்ல வெயில், வாசலில் நின்றால் உடம்புக்கு இதமாக இருக்கிறது, உள்ளே போனால் மறுபடியும் நடுக்கம். இது எப்படி என்றே புரியவில்லை.

பழைய செங்கல் வீடு, மூன்று படுக்கையறை. ஜன்னலுக்கு இரும்புச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி. கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி. ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் பஞ்சு எதுவும் போடவில்லை என்று கீசர் ரிப்பேருக்கு மேலே ஏறியவர் சொன்னார். ஹாலில் பழைய கணப்பு அடுப்பு ஒன்று இருக்கிறது, நாங்கள் தொட்டதே இல்லை.

குழந்தைக்கு ஐந்து மாதம். அம்மா ஜூலை முதல் வாரம் வருகிறார், 64 வயது, முழங்கால் வலி உண்டு, திருநெல்வேலியைத் தாண்டி அதிகம் போனதில்லை. அவர் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு ஃபேன் ஹீட்டர் வாங்கிக் குழந்தை அறையில் இரவு முழுக்க ஓட்டினோம், ப்ரீபெய்ட் மீட்டரில் 500 ரான்டுக்குப் போட்ட கரண்ட் ஒரு வாரம்கூட வரவில்லை. இரண்டாவதாக இன்னொன்று வாங்கி ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இரண்டையும் சொருகினேன், ராத்திரி பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்து எழுந்து பார்த்தால் போர்டு உருகியிருந்தது. அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

ஆபீஸில் ஒருவர் கேஸ் ஹீட்டர்தான் மலிவு என்கிறார், இன்னொருவர் ஆயில் ஹீட்டர் கரண்ட் கம்மியாக இழுக்கும் என்கிறார், மனைவி ஏசியில் சூடும் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள், செலவு உங்களுடையது என்று சொல்லிவிட்டார். 15 ஆயிரம் ரான்ட் வரை போடலாம். லோட்ஷெடிங் இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் எங்கள் தெருவில் வேறு ஏதாவது காரணத்தால் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவைக்காரர், மிட்ரண்ட்:

தம்பி, இங்கே பதினோராவது குளிர்காலம் எனக்கு. முதல் வருஷம் நானும் உங்களைப் போலத்தான் ஹீட்டர் ஹீட்டராக வாங்கிக் குவித்தேன், கடைசியில் புரிந்தது என்னவென்றால் இந்த ஊர் வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிதான், எந்த ஹீட்டர் வைத்தாலும் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஓட்டையை அடைப்பதில் ஆரம்பியுங்கள், ஹீட்டர் அப்புறம்.

வெளியே வெயில், உள்ளே குளிர் ஏன் என்று கேட்டீர்கள். ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் மழை கிடையாது, மேகம் கிடையாது, காற்றில் ஈரமும் கிடையாது, அதனால் பகலில் பட்ட சூடு முழுக்க ராத்திரி வானத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது. பகலில் 17, 18 டிகிரி, விடியற்காலையில் 4, சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே. பனி விழுவது அபூர்வம், 2012 ஆகஸ்டில் விழுந்தது, அப்புறம் 2023 ஜூலை 10 அன்று விழுந்து ஊரே தெருவுக்கு வந்து நின்று பார்த்தது. ராத்திரி குளிர்ந்த செங்கல் சுவரும் டைல்ஸும் சூடாவதற்குள் சாயங்காலம் வந்துவிடும், அதனால்தான் உள்ளே இருப்பதை விட வாசலில் நிற்பது இதமாக இருக்கிறது.

இதில் நம்மவர்கள் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போவதால் வடக்குப் பார்த்த ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நெடுந்தூரம் வந்து விழும், தெற்குப் பார்த்த அறைக்கு மூன்று மாதமும் ஒரு துளி வெயில் வராது. உங்கள் குழந்தை தூங்கும் அறை எந்தப் பக்கம்? தெற்கு என்றால் இன்றைக்கே மாற்றுங்கள், இதற்கு ஒரு பைசா செலவில்லை. காலை ஒன்பது மணிக்குத் திரையை முழுக்கத் திறந்து, நாலு மணிக்கு வெயில் சாய்ந்ததும் கனமான திரையை மூடிவிடுங்கள். கதவுக்கு அடியில் பழைய துணியைச் சுருட்டி நீளமாகத் தைத்து வையுங்கள், ஜன்னல் ஓரத்துக்கு ஒட்டுகிற ஃபோம் பட்டை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், டைல்ஸ் மேல் ஒரு கம்பளம். சீலிங் மேலே கண்ணாடிப் பஞ்சு விரிப்பதுதான் எல்லாவற்றையும் விடப் பலன் தருவது, 135 மில்லிமீட்டர் தடிமன் கேட்டு வாங்குங்கள். அது வீட்டுக்காரரின் வீட்டுக்குச் சொத்து, கோடையிலும் வெப்பத்தைத் தடுக்கும், பாதிப் பணமாவது அவர் தரவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது ஹீட்டர். ஆயில் ஹீட்டர் கரண்ட் கம்மி என்பது தவறு. ஆயில், ஃபேன், கம்பி, சுவரில் மாட்டும் பலகை, எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடுதான், கூடவும் வராது குறையவும் செய்யாது. ஆயில் ஹீட்டர் சத்தமில்லாமல் நின்று சூடு கொடுக்கும், கம்பி ஹீட்டர் அளவுக்குச் சுடாது, தெர்மோஸ்டாட் இருந்தால் அறை சூடானதும் தானே நின்றுவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏசி அப்படி வேலை செய்வதில்லை. அது சூட்டை உண்டாக்குவதே இல்லை, வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது, அதனால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று, மூன்றரை யூனிட் சூடு கிடைக்கும். கணக்குப் போடுவோம். ஒரு ராத்திரிக்கு அறைக்கு 20 யூனிட் சூடு வேண்டும், கரண்ட் யூனிட் 3 ரான்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஹீட்டரோ ஆயில் ஹீட்டரோ 60 ரான்ட். கேஸ் ஒரு கிலோவில் சுமார் 13 யூனிட் சூடு இருக்கிறது, நான் கடைசியாகக் கொடுத்த விலை கிலோவுக்கு 38 ரான்ட், ஆக ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எரிந்து 58 ரான்ட். இன்வெர்ட்டர் ஏசிக்கு ஆறு யூனிட், 18 ரான்ட். கேஸ் மலிவு என்று சொன்ன நண்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வாங்கும்போது பெட்டியில் இன்வெர்ட்டர் என்றும், குளிர், சூடு இரண்டும் என்றும் போட்டிருக்க வேண்டும். ஒரு படுக்கையறைக்கு 9000 பிடியூ (நம் ஊர்க் கணக்கில் முக்கால் டன்) தாராளம். எனக்குப் பொருத்தும் கூலியோடு 11 ஆயிரம் ரான்ட் ஆனது. விடியற்காலையில் வெளி யூனிட்டில் உறைபனி பிடித்தால் சில நிமிஷம் காற்று நின்று தானாகக் கரைத்துக்கொள்ளும், பழுது என்று பயப்படாதீர்கள். காம்ப்ளெக்ஸில் இருந்தால் வெளி யூனிட் மாட்ட பாடி கார்ப்பரேட் (வீட்டு உரிமையாளர்கள் சங்கம்) அனுமதி வேண்டும், தனி வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அந்த எக்ஸ்டென்ஷன் விஷயம். நல்ல காலம், வாசனையோடு போயிற்று. ஹீட்டரை எப்போதும் நேராகச் சுவர் ப்ளக்கிலேயே சொருகுங்கள். இங்கத்திய பெரிய மூன்று முள் ப்ளக் நம் ஊரில் ஏசிக்கு வருகிற ப்ளக் மாதிரியே இருப்பதால் அதில் எதையும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம், அது ஒரு ஹீட்டரைத் தாங்கும், இரண்டைத் தாங்காது.

செவிலியர் அக்கா, பெனோனி:

கோவை அண்ணா சொன்ன கணக்கெல்லாம் சரி. கேஸ் பற்றி மட்டும் நான் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். சிலரைக் கொண்டுவரும்போதே நேரம் கடந்திருக்கும்.

சிலிண்டரை உள்ளேயே வைத்து உருட்டிக்கொண்டு போகிற கேஸ் ஹீட்டருக்குப் புகைக்குழாய் கிடையாது. எரிவது முழுக்க நீங்கள் மூச்சுவிடும் அறைக்குள்தான் வரும். அறை மூடியிருந்து ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அசதி, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம். கைக்குழந்தை நம்மை விட வேகமாக மூச்சு வாங்கும், அதனால் அதற்குத்தான் முதலில் பாதிப்பு.

என் வீட்டிலேயே நடந்தது. வந்த புதிதில், செவிலியராக இருந்தும், குளிர் தாங்காமல் ஜன்னலை மூடிவிட்டு மூன்று பலகை கேஸ் ஹீட்டரை எரியவிட்டோம். மகனுக்கு அப்போது நாலு வயது, தலை வலிக்கிறது என்று அழுது வாந்தி எடுத்தான். எனக்கும் தலை பாரமாக இருந்ததால்தான் சட்டென்று உறைத்தது, எல்லாக் கதவையும் திறந்து அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். குளிரில் அரை மணி நேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறம் கேஸை அறவே விட்டுவிட்டோம் என்று சொல்ல முடியாது, கரண்ட் போனால் வேறு வழியில்லை. ஆனால் எரியும்போது ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கும், படுக்கப் போகுமுன் ஹீட்டரை அணைத்து சிலிண்டர் வால்வையும் மூடிவிடுவோம், படுக்கையறைக்குள் அது வரவே வராது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறோம், நீங்களும் கேஸ் வாங்கினால் ஹீட்டரோடு சேர்த்து அதையும் வாங்குங்கள், தயவுசெய்து.

இன்னொன்று. கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். குளிர்ந்த சுவரில் அது படிந்து கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். அம்மாவுக்கு ஆஸ்துமா எதுவும் இருந்தால் கவனம்.

குழந்தைக்கு: அறை 18லிருந்து 20 டிகிரி இருந்தால் போதும், அதற்கு மேல் சூடேற்றாதீர்கள். தலையை மூடுகிற போர்வை வேண்டாம், உடுப்பு மேல் உடுப்பாகப் போட்டு, கைவைத்த தூக்கப் பையில் படுக்க வையுங்கள். கரண்ட் போர்வையும் சுடுநீர்ப் பையும் குழந்தைக்குக் கூடவே கூடாது. அம்மாவுக்கு மாறாக கரண்ட் போர்வை மிகவும் நல்லது, 60, 70 வாட்தான் இழுக்கும், படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டுப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடலாம். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது, வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதை விடக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படலாம். உங்கள் ஹாலில் 9 என்றால் முழங்கால் வலி நிச்சயம் கூடும்.

நெல்லைக்காரன், ரேண்ட்பர்க்:

அக்கா, படித்துவிட்டு மனைவியும் நானும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. போன வாரம்தான் கேஸ் ஹீட்டர் வாங்கி குழந்தை அறையில் வைக்கலாம் என்று கடை வரைக்கும் போய், சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று திரும்பி வந்தேன். நன்றி. குழந்தை அறை தெற்குப் பக்கம்தான் இருந்தது, நேற்றே மாற்றிவிட்டோம். அந்தக் கணப்பு அடுப்பைப் பயன்படுத்தலாமா, யாராவது சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன், ப்ளூம்ஃபொண்டெயின்:

நண்பரே, குளிரில் பிறந்து வளர்ந்தவன் நான், ஆனாலும் இந்த ஊர்க் குளிர் எனக்கே கஷ்டம். ஜூலையில் பாதி ராத்திரிகள் பூஜ்யத்துக்குக் கீழேதான், தோட்டத்துக் குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும்.

உங்கள் ஹாலில் இருப்பது கதவில்லாத திறந்த கணப்பு என்று நினைக்கிறேன். அதில் விறகு எரித்தால் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவே போய்விடும், அதோடு அறையில் இருக்கிற சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். எரிக்காமல் விட்டாலும் அதே கதைதான், புகைபோக்கி திறந்தே இருந்தால் அது கூரையில் இருக்கிற ஓட்டை. உள்ளே கைவிட்டுப் பாருங்கள், மூடுகிற தகடு இருந்தால் மூடுங்கள், இல்லாவிட்டால் பழைய மெத்தைப் பஞ்சைச் சாக்கில் கட்டி அடைத்துவிடுங்கள். அடைத்திருப்பது மறந்துபோய் யாராவது பற்றவைத்துவிடாமல் முன்னால் ஒரு அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

என் வீட்டில் இருப்பது கண்ணாடிக் கதவு போட்ட மூடிய விறகு அடுப்பு. காற்று எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம், மூன்று கட்டை போட்டால் விடிய விடிய கணகணவென்று இருக்கும். சொந்த வீடு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அடுப்பும் குழாயும் பொருத்தும் கூலியும் சேர்ந்தால் உங்கள் 15 ஆயிரத்தில் முடியாது, வாடகை வீட்டில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டும் போக முடியாது.

விறகு பற்றி ஒரு வார்த்தை. இங்கே நான் வாங்குவது பிளாக் வாட்டில், நம் நீலகிரியில் சீகை மரம் என்போமே, அதே குடும்பம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இரண்டு ஊரிலும் மலையை மூடி ஓடைத் தண்ணீரைக் குடிக்கிற மரம், இங்கே அரசாங்கமே 1995லிருந்து ஆள் வைத்து அப்படிப்பட்ட மரங்களை வெட்டுகிறது. அதனால் எரிக்கும்போது மனசு உறுத்துவதில்லை. ஒரு வருஷமாவது காய்ந்த கட்டையாக வாங்குங்கள், ஈரக்கட்டை எரித்தால் புகைக்குழாயில் தார் படிந்து ஒருநாள் குழாயே பற்றிக்கொள்ளும்.

லெனேசியா வாத்தியார்:

வணக்கம் தம்பி. நான் இங்கேயே பிறந்தவன். என் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்கு, டர்பன் இருக்கிற நேட்டால் பகுதிக்கு வந்தவர், தாத்தா அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்தார். தமிழ் நான் பெரியவனான பிறகு படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பனில் இருக்கும் என் தங்கை வீட்டில் ஹீட்டரே கிடையாது, அங்கே கடல் காற்று. இங்கே நாங்கள் சிறு வயதில் நிலக்கரி அடுப்பில் வளர்ந்தோம். வெல்கம் டோவர் என்று ஒரு இரும்பு அடுப்பு, சமையலறையில் இருக்கும், புகைக்குழாய் உண்டு. ஆயா (பாட்டி) விடியற்காலை நாலு மணிக்குப் பற்றவைப்பார். குளிர்காலம் முழுக்க வீட்டில் எல்லாரும் அந்த ஒரே அறையில்தான், பாடம் படிப்பது, சாப்பிடுவது, துணி உலர்த்துவது எல்லாம். மற்ற அறைகளை நாங்கள் சூடாக்கியதே இல்லை. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். அம்மா வந்ததும் ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் சூடாக வையுங்கள், சாயங்காலம் எல்லாரும் அங்கேயே இருங்கள், மற்ற கதவுகளை மூடிவிடுங்கள்.

துளை போட்ட இரும்பு டின்னில் கரி போடுவார்கள், இம்பாவுலா என்று பெயர். தெருவோரத்தில் காவலாளிகள் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே நல்லது. புகை நின்று கரி சிவப்பாகிவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைத்து உள்ளே கொண்டுபோகிறார்கள், அந்த நேரத்தில்தான் அது ஆளைக் கொல்லும். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தையே இப்படி இழந்தோம். பெனோனி அக்கா சொன்னதை எல்லாரும் கேளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். இங்கே ஆடி மாதம் நடுக் குளிர்காலம். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், நாங்கள் ஆங்கிலத்தில் அதை பாரிட்ஜ் பிரேயர், அதாவது கூழ் பிரார்த்தனை என்று சொல்வோம். அந்தக் குளிரில் கையில் சூடான கூழ் வாங்கிக் குடிப்பது தனி சுகம். கண்டிப்பாக அழைத்து வாருங்கள், கம்பளி போட்டு.

கோவைக்காரர், மிட்ரண்ட்:

வாத்தியார் ஐயா, உங்கள் தமிழில் ஒரு பிழையும் இல்லை. தம்பி, தோசை மாவு பற்றி எழுத மறந்துவிட்டேன், என் வீட்டில் அதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. மாவை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, பாத்திரத்தை ஓவன் உள்ளே வைத்து, ஓவன் விளக்கை மட்டும் போட்டு விடுங்கள், காலையில் பொங்கியிருக்கும். விளக்கு இல்லாத ஓவன் என்றால் இங்கே விற்கிற வொண்டர்பேக் என்ற மெத்தைப் பையில் பாத்திரத்தை வைத்துக் கட்டிவிடலாம், சோறு வேகவைக்க விற்கிற பை, மாவுக்கும் நன்றாக உதவுகிறது. உளுந்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நெல்லைக்காரன், ரேண்ட்பர்க்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரத்தில் செய்ததை எழுதுகிறேன். வடக்கு அறைக்கு மாறினோம், திரை, ஃபோம் பட்டை, கதவுத் துணி எல்லாம் போட்டாயிற்று, கணப்பை அடைத்து அட்டையும் ஒட்டினேன். எந்த ஹீட்டரும் போடாமல் காலையில் அந்த அறையில் இப்போது 13 டிகிரி. 9 எங்கே, 13 எங்கே! 9000 பிடியூ ஏசி வாங்கியாயிற்று, வீட்டுக்காரர் கழற்றிக்கொண்டு போகலாம் என்று எழுதிக் கொடுத்தார், சனிக்கிழமை மாட்ட வருகிறார்கள். சீலிங் பஞ்சுக்குப் பாதிப் பணம் கேட்டேன், முதலில் மறுத்தவர் அப்புறம் வாடகையில் மூன்று தவணையாகக் கழித்துக்கொள்ளச் சொன்னார். கரண்ட் போகும் நாளுக்கு ஹாலில் மட்டும் ஒரு சின்ன கேஸ் ஹீட்டர், அலாரம் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது.

மாவு நேற்று பொங்கி ஓவன் தட்டில் வழிந்துவிட்டது, கோவை அண்ணா. வாத்தியார் ஐயா, ஆடிக் கூழ் பற்றி அம்மாவிடம் சொன்னேன், குளிரைப் பற்றிக் கேட்டபோது தயங்கியவர் இதைக் கேட்டதும் எந்தக் கோயில், எந்தக் கிழமை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார், நீங்கள் தேதி சொன்னால் உதவியாக இருக்கும். ஏசி போட்ட பிறகு ப்ரீபெய்டில் எத்தனை யூனிட் போகிறது என்று தினமும் குறித்து வைத்து, ஜூலை கடைசியில் இங்கேயே எழுதுகிறேன்.